எவரெஸ்ட் இருக்கட்டும், முதலில் எட்டு முடிச்சு!

மலையேறப் பழக நினைக்கும் புதியவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

"எவரெஸ்ட் ஏற எவ்வளவு சார் செலவாகும்?"

மலை மீது ஆசை வந்தவர்களில் பலர் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பதில் சொல்வது சுலபம். 2025 செப்டம்பர் முதல், வசந்தகாலத்தில் எவரெஸ்ட் ஏற நேபாள அரசுக்குக் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் மட்டுமே 15,000 டாலர். நம் பணத்தில் 13 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ஷெர்பாக்களின் ஊதியம், ஆக்சிஜன் சிலிண்டர், கூடாரம், சாப்பாடு, விமானச் செலவு எல்லாம் அதற்கு மேல்.

ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. "கயிற்றில் ஒழுங்காக முடிச்சுப் போட எங்கே சொல்லித் தருவார்கள்?"

அதற்கும் பதில் இருக்கிறது. இந்தியாவில் மலையேற்றம் கற்பிக்க அரசே நடத்தும் பள்ளிகள் உண்டு. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட், மணாலியில் 1961-லிருந்து இயங்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் உருவான நேரு மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட், காஷ்மீரின் பஹல்காமில் ஒன்று, அருணாசலப் பிரதேசத்தின் திராங்கில் ஒன்று. மணாலி பள்ளி இமாசல அரசுடையது. மற்ற நான்கையும் பாதுகாப்பு அமைச்சகமும் அந்தந்த மாநில அரசுகளும் சேர்ந்து நடத்துகின்றன. ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைப் பயிற்சிக்கு, தங்குமிடம், உணவு, கருவிகள் எல்லாம் சேர்த்து, ஒரு நடுத்தர ரக செல்போன் வாங்கும் பணம் போதும்.

நம்மூரில் இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்ததெல்லாம் இன்ஸ்டாகிராமில் வரும் 'பேக்கேஜ்' விளம்பரம்தான். 'முன் அனுபவம் தேவையில்லை, 6,000 மீட்டர் சிகரம், 9 நாட்கள்' என்ற ரீதியில் வரும் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்து, கொடியோடு படம் எடுத்துத் திரும்பியவர்களும் உண்டுதான். யாரோ கட்டிய கயிற்றில், யாரோ மாட்டிவிட்ட கொக்கியோடு போய் வந்தவர்கள் அவர்கள். வானிலை மாறி, வழிகாட்டியும் விழுந்துவிட்டால் அந்தக் கொக்கியைக் கழற்றவும் அவர்களுக்குத் தெரியாது.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவருக்கும் பர்வதமலையின் கடப்பாறைப் படியில் சங்கிலி பிடித்து ஏறியவருக்கும் கால் பலமும் மன உறுதியும் நிச்சயம் உண்டு. அது நல்ல அடித்தளம். கால் மட்டும் போதாமல் கையும் கயிறும் தேவைப்படும் இடத்தில் பாறையேற்றம் ஆரம்பிக்கிறது. பனியும் பனிப்பாறையும் காற்றில்லா உயரமும் சேரும்போது அது மலையேற்றத்தின் முழு வடிவம் ஆகிறது. இரண்டையும் ஒரே மாதத்தில் முட்டி மோதிக் கற்பதைவிட, முதலாவதை வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

பாறை பக்கத்திலேயே இருக்கிறது

இமயம் வடக்கே இருக்கிறது, நாம் கடலோரத்தில் இருக்கிறோம் என்று அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தென்னிந்தியா பாறையேற்றக்காரர்களின் சொர்க்கம். கர்நாடகத்தின் பாதாமியில் செங்குத்தான மணற்கல் சுவர்கள். ஹம்பியில் துங்கபத்திரைக் கரை நெடுக உருண்டு கிடக்கும் கருங்கல் பாறைகளைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அமெரிக்கப் பாறையேற்ற வீரர் கிறிஸ் ஷர்மா இங்கே வந்து ஏறியதை வைத்து 2003-ல் ஒரு படமே வந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் 'ஷோலே' எடுத்த ராமநகரம், ஒற்றைக்கல் மலையான சாவனதுர்கா, ஊர் எல்லையிலேயே துரஹள்ளி.

தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா கதை இங்கே சொல்லத் தக்கது. 2014 மே 25-ம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது பூர்ணாவுக்கு 14 வயது கூட நிரம்பவில்லை. அரசு சமூகநல உறைவிடப் பள்ளி மாணவி. பனியைக் கண்ணால் பார்த்திராத பழங்குடி விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கும் உடன் ஏறிய ஆனந்த்குமாருக்கும் முதல் பயிற்சி இமயத்தில் நடக்கவில்லை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் புவனகிரிக் கோட்டை நிற்கும் அந்த ஒற்றைக்கல் பாறையில்தான் நடந்தது. அதன் பிறகே டார்ஜிலிங், அதன் பிறகு குளிர்கால லடாக், கடைசியில்தான் எவரெஸ்ட்.

பாறைக்குப் போகுமுன் செயற்கைச் சுவரில் பழகுவது இன்னும் எளிது. பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கச் சுவரில் ஏறிப் பழகி தேசியப் போட்டிகளுக்குப் போனவர்கள் நிறைய. சென்னையிலும் உள்ளரங்கச் சுவர்கள் வந்துவிட்டன. வண்ண வண்ணப் பிடிகள் பதித்த சுவரில் வாரம் இரண்டு நாள் ஏறினால், மூன்று மாதத்தில் உடல் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பிக்கும்.

முதல் நாளில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கையால் இழுத்து இழுத்து ஏறுவார்கள். ஐந்தே நிமிடத்தில் முன்கை கல் போல இறுகிவிடும், விரல் மடங்காது, தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியாது. உடலைத் தூக்க வேண்டியது தொடை. கை, சுவரோடு ஒட்டி நிற்க மட்டும்தான். கையை நீட்டி வைத்துத் தொங்குங்கள், இடுப்பைச் சுவர்ப் பக்கம் கொண்டு போங்கள், பாதத்தின் நடுவை வைக்காமல் கட்டைவிரல் முனையை வையுங்கள். 'அகலக்கால் வைக்காதே' என்று வீட்டில் சொல்லும் புத்திமதி சுவரில் நூற்றுக்கு நூறு பொருந்தும். ஒரே எட்டில் உயரத்துக்குத் தாவுவதைவிட, இரண்டு சின்ன எட்டு வைப்பவருக்குத்தான் மேலே போகும்போது தெம்பு மிச்சமிருக்கும். நல்ல பயிற்சியாளர்கள் ஒரு சோதனை வைப்பார்கள்: காலை வைக்கும்போது சத்தமே வரக்கூடாது. 'தொப்' என்று சத்தம் கேட்டால், பார்க்காமல் கால் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஆர்வக்கோளாறில் வாரம் ஆறு நாளும் சுவரே கதி என்று கிடக்க வேண்டாம். தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். விரலெலும்போடு தசைநாரைப் பிடித்து வைத்திருக்கும் பட்டைகள் வலுப்பெற மாதக்கணக்காகும். பலம் வந்துவிட்டதென்று நம்பி ஒற்றை விரல் பிடிகளில் தொங்கும் இளைஞர்கள் மோதிர விரலில் 'டப்' என்ற சத்தத்தோடு காயம்பட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவது வாடிக்கை. முதல் ஆண்டில் பெரிய பிடிகளே போதும்.

ஒரு முடிச்சின் கதை

இடுப்புக் கச்சையை, 'ஹார்னஸ்' என்பதை, இடுப்பெலும்புக்கு மேலே கட்ட வேண்டும். கட்டியபின் இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பார்த்தால் நழுவக்கூடாது. தலைகீழாக விழுந்தாலும் ஆள் உருவிக்கொண்டு போகாதிருக்க அதுவே உத்தரவாதம். பிறகு கயிற்றின் நுனியிலிருந்து ஒரு கை நீளம் விட்டு, எட்டு என்ற எண்ணைப் போல ஒரு முடிச்சு. நுனியைக் கச்சையின் முன்புறமுள்ள இரண்டு வளையங்களிலும் கீழிருந்து மேலாக நுழைத்து, முதலில் போட்ட எட்டின் தடத்திலேயே பிசகாமல் திரும்பக் கொண்டு வர வேண்டும். முடிந்ததும் எண்ண வேண்டும்: முடிச்சு முழுக்கக் கயிறு இரட்டை இரட்டையாகப் போகிறதா, மொத்தம் ஐந்து இரட்டை இருக்கிறதா? மிச்சமுள்ள வால் ஒரு சாண் இருக்கிறதா? பிறகு முடிச்சை நாலு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் கூட்டாளி உங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவருடைய கொக்கி, அதாவது காரபைனர், பூட்டியிருக்கிறதா, கயிறு பிரேக் சாதனத்துக்குள் சரியான திசையில் போகிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டும். "பிலே?" (கயிற்றைப் பிடித்துக் காக்கத் தயாரா?) என்று கேட்டு, "பிலே ஆன்" என்ற பதில் வந்த பிறகே சுவரில் கை வைக்கலாம்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணியைக் கேட்டால் சொல்வார். 1989-ல் பிரான்ஸின் பியூக்ஸ் (Buoux) என்ற இடத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அப்போதே உலகின் தலைசிறந்த பாறையேற்ற வீராங்கனைகளில் ஒருவர். கயிற்றைக் கச்சையில் நுழைத்தார். முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்து, இறங்குவதற்காகக் கயிற்றில் சாய்ந்தார். 70 அடிக்கு மேல் விழுந்தார். மரக்கிளை தாங்கியதால் உயிர் பிழைத்தார். முழங்கை மூட்டு நழுவி, பாத எலும்பும் உடைந்தது. நான்கே ஆண்டுகளில், 1993-ல், கலிபோர்னியாவின் எல் காபிடன் பாறையில் 'தி நோஸ்' என்ற பாதையைக் கருவிகளில் தொங்காமல், கை கால் பலத்தில் மட்டும் ஏறிய முதல் மனிதர் ஆனார். ஆணும் பெண்ணும் சேர்த்து முதல் மனிதர்! அவருக்கே முடிச்சு மறந்தது என்றால், புதியவருக்கு மறக்காதா?

கீழே நிற்பவருக்கு ஒரே சட்டம்: பிரேக் பிடிக்கும் கை எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை விடக்கூடாது. கொசு கடித்தாலும் சரி, போன் அடித்தாலும் சரி. ஏறுவதற்குப் பயன்படும் கயிறு ஓரளவு நீளும் தன்மை கொண்டது. விழுபவரின் அதிர்ச்சியை அந்த நீட்சி வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறும் உண்டு. அது இறங்கவும் சுமை தூக்கவும் மட்டும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்புண்டு என்பதால், புதியவர்கள் கயிறு வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பயிற்சியாளரின் கயிறு போதும்.

கயிற்றை மிதிக்கக்கூடாது என்பதைப் பயிற்சிப் பள்ளிகளில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நாம் புத்தகத்தை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அதே மரியாதை. மிதித்தால் அழுத்தத்தில் மணல் துகள் உள்ளே போய் இழையை அறுக்கும். காரணம் தெரியாதவர்களுக்கு இருபது 'புஷ் அப்' எடுக்க வைத்துக் காரணம் சொல்வார்கள்.

ஏறுவதை எல்லோரும் விரும்பிக் கற்கிறார்கள். இறங்குவதற்குத்தான் பொறுமை இருப்பதில்லை. கயிற்றில் சறுக்கி இறங்கும் 'ராப்பெல்' பார்ப்பதற்கு விளையாட்டு போல இருக்கும். கல்லூரி ஆண்டு விழாவில்கூடச் செய்கிறார்கள். ஆனால் அனுபவசாலிகளே உயிரை விட்ட இடம் அது. கயிற்றின் இரண்டு நுனியும் சம நீளத்தில் இல்லாமல், நுனியில் முடிச்சும் இல்லாமல் இறங்கி, கயிறு தீர்ந்ததே தெரியாமல் காற்றில் கால் வைத்தவர்கள். ஏறும்போது கண்ணும் கவனமும் பாறையில் இருக்கும். இறங்கும்போது மனசு டீக்கடைக்குப் போயிருக்கும். முதல் மூன்று மாதப் பயிற்சியில் பாதி நேரத்தை இறங்கப் பழகுவதில் செலவிடுங்கள் என்றுதான் புதியவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

படிக்கட்டுதான் ஜிம்

இமயப் பயிற்சிக்குப் போகிறவருக்கு மூன்று மாதமாவது தயாரிப்பு வேண்டும். வாரம் மூன்று நாள் ஓட்டம். மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஐந்து கிலோமீட்டரை அரை மணியில் அலட்டிக்கொள்ளாமல் ஓடி முடித்தால் நல்ல நிலை. வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சி, புஷ் அப், புல் அப், வயிற்றுத் தசைப் பயிற்சிகள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுமை தூக்கிப் படி ஏறுவது. அடுக்குமாடிப் படிக்கட்டு, பழனி, திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயில், திருக்கழுக்குன்றம்... நம்மூரில் படிகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை. 1802-ல் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியது இந்த மலையடிவாரத்திலிருந்துதான். அந்த அளவை வடக்கே நீண்டு நீண்டுதான் ஐம்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. ஆக, எவரெஸ்டுக்கான பாதை பரங்கிமலையில் தொடங்குவது ஒன்றும் புதிதல்ல.

முதுகுப் பையில் 5 கிலோவில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, 15 கிலோ வரை போகலாம். சுமைக்குத் தண்ணீர் பாட்டில்களே நல்லது. ஏறி முடித்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம், முட்டி பிழைக்கும். கடைசி மூன்று வாரம் மட்டும் சுமையோடு இறங்கிப் பழகுங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. பழக்கமில்லாவிட்டால் மறுநாள் கழிவறையில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு. பயிற்சியில் அணியப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் செய்யுங்கள். புது ஷூவோடு இமயத்துக்குப் போவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

உஸ்தாதின் பள்ளி

உத்தரகாசியில் விடிகாலை டீயோடு நாள் தொடங்கும். பிறகு ஓட்டம், உடற்பயிற்சி. பயிற்சியாளர்களை 'உஸ்தாத்' என்று அழைப்பது வழக்கம். மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுவுக்குப் பெயர் 'ரோப்'. ஒரு ரோப்பில் மருத்துவக் கல்லூரி மாணவரும் ராணுவ வீரரும் ஐ.டி. ஊழியரும் இருப்பார்கள். அந்த ஒரு மாதம் அவர்கள்தான் குடும்பம். பேச்சு பெரும்பாலும் இந்தியில். தமிழ்ப் பிள்ளைகள் முதல் சில நாள் திணறுவார்கள். 'இடது', 'வலது', 'கயிற்றை விடு', 'இறுக்கு', 'நில்' என்ற அளவுக்காவது இந்திச் சொற்களைக் கற்றுக்கொண்டு போவது உயிர்க்காப்புச் சமாசாரம்.

முதல் வாரம் தேக்லா பாறையில். கையும் காலுமாக மூன்று இடத்தில் எப்போதும் பிடி இருக்க, நான்காவதை மட்டும் நகர்த்தும் பாடம் அங்கேதான். பிறகு புக்கி கிராமத்திலிருந்து முதுகுச் சுமையோடு நடை. தேல், குஜ்ஜர் ஹட் என்று முகாம் முகாமாக ஏறி, சுமார் 3,700 மீட்டர் உயரத்திலுள்ள முகாம் சேர்ந்தால், எதிரே தோக்ரானி பாமக் பனியாறு. டார்ஜிலிங் பள்ளி மாணவர்களுக்கு இதே பாடம் மேற்கு சிக்கிமில். யுக்சமிலிருந்து நடந்து சௌரிகாங் முகாமுக்குப் போவார்கள். எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டென்சிங், அந்தப் பள்ளியின் முதல் களப்பயிற்சி இயக்குநர். எவரெஸ்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதரான நவாங் கோம்பு அவருடைய மருமகன் முறை. அவரும் அங்கேதான் கற்பித்தார்.

பனியாற்றில் கற்பிக்கும் பாடங்களில் ஒன்று விழுவது. ஆம், வேண்டுமென்றே விழ வைப்பார்கள். சரிவில் நின்று, ஐஸ் கோடரியைக் கையில் பிடித்தபடி சறுக்க வேண்டும். சறுக்கத் தொடங்கிய நொடியே உடலைக் கவிழ்த்து, கோடரியின் கூர்மூக்கைத் தோளுக்குக் கீழே பனியில் குத்தி, மறு கையால் கோடரியின் அடிமுனையை மூடிப் பிடித்து, மொத்த எடையையும் அதன் மேல் போட்டு நிறுத்த வேண்டும். ஷூவில் ஆணித்தகடு, அதாவது கிராம்பான், மாட்டியிருந்தால் முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பனியில் படாமல் தூக்கிக்கொள்ள வேண்டும். ஆணி பனியில் சிக்கினால் ஆள் குட்டிக்கரணம் அடித்துவிடுவார். முதலில் கால் கீழாக, பிறகு தலை கீழாக, பிறகு மல்லாக்காக. சட்டைக்குள் பனி புகுந்து, விரல் மரத்து, திரும்பத் திரும்ப. யோசித்துச் செய்யும் வேலை இல்லை இது. யோசிக்கும் நேரத்தில் நாற்பது அடி போயிருக்கும். உடம்பே செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை முறை.

அடிப்படைப் பயிற்சியில் பொதுவாகச் சிகரம் ஏற்றமாட்டார்கள். ஓர் உயரம் வரை கூட்டிப்போய்க் கீழே இறக்கிவிடுவார்கள். உச்சியில் கொடியோடு படம் எடுக்கலாம் என்று வந்தவர்களுக்கு இது ஏமாற்றம். எனக்கோ, இந்தப் பள்ளிகளின் ஆகச் சிறந்த குணம் இதுதான் என்று படுகிறது. முடிவில் தரம் போடுவார்கள். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த கட்டமான உயர்நிலைப் பயிற்சிக்கு இடம். யார் வேகமாக ஏறினார் என்பதை மட்டும் வைத்து அந்த 'ஏ' கிடைப்பதில்லை. கூடாரத்தில் பாத்திரம் கழுவியது யார், களைத்தவரின் சுமையை வாங்கிக்கொண்டது யார் என்பதையும் உஸ்தாதுகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உத்தரகாசியிலேயே பிறந்து, அங்கேயே பயின்ற பச்சேந்திரி பால் 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் ஆனார். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்துவந்த முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து அதைச் சாதித்த முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். இரண்டு குழந்தைகளின் தாய்.

மூச்சுக்குப் பஞ்சம்

தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டின் உச்சி அது. உயரத்தால் வரும் நோய்கள் ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதாவது, நம் உச்சி எங்கே முடிகிறதோ அங்கே இமயத்தின் தொல்லை ஆரம்பம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஆக்சிஜன்தான்.

தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு, பசியின்மை, தூக்கம் கெடுதல். இவை முதல் எச்சரிக்கை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. குடித்தவர் போலத் தள்ளாடினால், நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாவிட்டால், மூளையில் வீக்கம். கடைசி இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறக்குவது. விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

மாரத்தான் ஓடுகிறவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டா? கிடையாது. சொல்லப்போனால், கட்டுமஸ்தான பையன்கள்தான் முந்திக்கொண்டு ஓடி, முதலில் படுக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இரவு கீழே வந்து தூங்குவது நல்ல பழக்கம். அசிட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலரும் மிட்டாய் மாதிரி பகிர்ந்துகொள்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல பள்ளியில் சேர்ந்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று யாரும் உறுதி தர முடியாது. 2022 அக்டோபர் 4-ம் தேதி, உத்தரகாசிப் பள்ளியின் உயர்நிலைப் பயிற்சி மாணவர்கள் திரௌபதி கா டாண்டா சிகரத்தை நெருங்கியபோது பனிச்சரிவு இறங்கியது. 29 பேர் பலி. அவர்களில் ஒருவர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் 16 நாள் இடைவெளியில் ஏறியவர். மலையில் திறமை ஓரளவுக்குத்தான் காப்பாற்றும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

இமயத்தின் உயரம் இல்லாத இடத்திலும் அலட்சியம் கொல்லும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கோடையில் காய்ந்து கிடந்த புல்வெளி, தப்பிக்கும் வழி தெரியாத கூட்டம். அதன் பிறகு நெடுநாள் தயங்கிய வனத்துறை, 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையப் பதிவுடனும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடனும் திறந்துவிட்டது. முதல் அடி வைக்க அதைவிடப் பாதுகாப்பான வழி இப்போதைக்கு இல்லை.

தனியார் பேக்கேஜில்தான் போவேன் என்பவர்கள், பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். வழிகாட்டி எந்தப் பள்ளியில், எந்த நிலை வரை பயின்றவர்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வருமா, அடிவார முகாமில் கிடக்குமா? உடல் பழகுவதற்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்? உச்சிக்குப் போகும் நாளில் எத்தனை மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்புவார்கள்? கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டு, "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

செலவு செய்யும் ஆர்வம் இருந்தால் முதலில் நல்ல நடைஷூ, பிறகு சுவரேற்றத்துக்கான இறுக்கமான ஷூ. அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரோ பயன்படுத்திய ஹார்னஸ், யாரோ பயன்படுத்திய கயிறு இரண்டையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஐஸ் கோடரி, கிராம்பான், தூக்கப்பை எல்லாம் பள்ளியிலேயே தருவார்கள்.

பனியும் குளிரும் வேண்டாம் என்பவர்களுக்குச் சுவரே ஒரு முழு உலகம். டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்ட விளையாட்டு அது. 2024 பாரிஸில் அமெரிக்க இளைஞர் சாம் வாட்சன் 15 மீட்டர் சுவரை 4.74 விநாடியில் ஏறினார். பிள்ளைகளை நீச்சலுக்கும் கராத்தேவுக்கும் அனுப்பும் பெற்றோர், இதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

இமயம்தான் இலக்கு என்றால், பள்ளிகளின் இணையதளங்களில் ஆண்டு அட்டவணை வெளியாகும். பெண்களுக்கெனத் தனிப் பயிற்சிகளும் உண்டு. இடங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும் என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள். மருத்துவச் சான்று கேட்பார்கள். இதயம், ஆஸ்துமா, வலிப்பு எதையும் மறைக்காமல் சொல்லி வாங்குங்கள். அடிப்படைப் பயிற்சிக்கு வயது வரம்பு பொதுவாகப் பதினாறு, பதினேழிலிருந்து நாற்பது வரை. பள்ளிக்குப் பள்ளி சற்று மாறும். நாற்பதைத் தாண்டியவர்கள் வருத்தப்பட வேண்டாம். சுவரில் ஏற வயது வரம்பு கிடையாது.